நாட்பட்ட நோயும் தடுப்பூசி அச்சமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் வரிசையிலும் சரி, வள்ளியூர்ப் பக்கத்துக் கிராமத்துத் திண்ணையிலும் சரி, தடுப்பூசிப் பேச்சு வந்தால் "எனக்குச் சுகர் இருக்கு, ஒத்துக்கிடாது" என்ற பதில் சீக்கிரமே வந்துவிடும். தினமும் ஆறேழு மாத்திரை விழுங்குகிறவர், புதிதாக இன்னொன்று உடம்புக்குள் போவதை எண்ணி அஞ்சுவது இயல்பு. அவரைப் படிப்பறிவில்லாதவர் என்று ஒதுக்குகிற சுற்றத்தாரும் சில மருத்துவப் பணியாளர்களும்தான் முதல் தவறைச் செய்கிறார்கள் என்பது என் கருத்து. அந்த அச்சத்தை ஒரு கேள்வியாக மாற்றி மருத்துவரிடம் கொண்டுசெல்லாமல், அதையே முடிவாக வைத்துக்கொள்வது நோயாளி செய்யும் தவறு.

நோய் இருப்பதாலேயே ஊசி ஆகாது என்ற எண்ணம் உண்மைக்கு நேர் எதிரானது. தொற்று வந்தால் அதிகம் பாதிக்கப்படுகிறவர்கள் சர்க்கரை, இதயம், சிறுநீரகம், நுரையீரல் நோய் உள்ளவர்களே. ஃப்ளூ காய்ச்சல் உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 6 மடங்கு கூடுவதாகக் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 2018-இல் காட்டியது. இதய நோயாளிகளை ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளச் சொல்வது இதனால்தான். பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும் என்பதால், ஐப்பசி மழை பிடிக்கும் முன்பே அதைப் போட்டுக்கொள்வது நல்லது.

ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவற்றை, ஒன்றினால் மற்றொன்று நடந்ததாகக் கொள்வது அடுத்த தவறு. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட மறுநாள் மாரடைப்புக்கு ஆளாகி, அதற்கடுத்த நாள் மறைந்தார். அந்தத் துயரம் தென்மாவட்ட ஊர்களில் எத்தனையோ பேரைத் தடுப்பூசி முகாம்களிலிருந்து திரும்பிப் போக வைத்தது. தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு, அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று பின்னர் அறிவித்தது. ஆனால் அச்சம் பரவிய அளவுக்கு அந்த அறிவிப்பு பரவவில்லை. மறுபுறம், எந்தத் தடுப்பூசிக்கும் பக்கவிளைவே கிடையாது என்று அடித்துச் சொல்வதும் பொய்யே. கோவிஷீல்டு வகை ஊசிக்குப் பிறகு மிக அரிதாக இரத்தக்கட்டு ஏற்பட்டது உண்மை. ஆனால் அது அந்த வகை ஊசிக்குரிய அபாயம். அதைக் காட்டி ஃப்ளூ ஊசியையோ நிமோனியா ஊசியையோ மறுப்பதில் பொருளில்லை.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஆச்சியிடம் கிராம சுகாதாரச் செவிலியர் "காலையில மாத்திரை போட்டியளா ஆச்சி?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஊசி போடப் போறோம்லா, அதான் மாத்திரையும் போடல, சாப்பிடவும் இல்ல" என்று பதில் வரும். வழக்கமான மாத்திரையை நிறுத்துவதும் வெறும் வயிற்றில் வருவதும் ஆபத்தானவை; ஊசி போடுமிடத்தில் வரும் மயக்கத்துக்கு இவையும் காரணமாகலாம், பழி மட்டும் ஊசியின் மேல் விழுகிறது. சர்க்கரை "கட்டுக்குள் வந்த பிறகு பார்க்கலாம்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதும் இதைப் போன்றதே. கடுங்காய்ச்சல், மூச்சுத்திணறல் போன்ற உடனடி நோய் இருந்தால் தள்ளிப்போடலாம். இரத்தச் சர்க்கரை சற்றுக் கூடியிருப்பது மட்டும் போதுமான காரணமாகாது. ஊசிக்குப் பின் ஓரிரு நாள் சர்க்கரை ஏறக்கூடும் என்பதால், வீட்டில் கருவி இருந்தால் அடிக்கடி பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாத் தடுப்பூசிகளையும் ஒரே பொருளாக நினைப்பதுதான் இவற்றில் பெரிய தவறு. தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் ஆகியவற்றுக்கான ஊசிகளில் வலுக்குறைக்கப்பட்ட, உயிருள்ள கிருமி இருக்கிறது. ஃப்ளூ ஊசி, மஞ்சள்காமாலை பி, நிமோனியா, டெட்டனஸ், வெறிநாய்க்கடி ஊசிகளில் உயிருள்ள கிருமி இல்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் அவை நோயை உண்டாக்க முடியாது, பலன் மட்டும் சற்றுக் குறையலாம். பிரட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டை நாளொன்றுக்கு 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரண்டு வாரமோ கூடுதலாகவோ சாப்பிடுகிறவர்களுக்கும், புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்களுக்கும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்களுக்கும் உயிருள்ள கிருமி கொண்ட ஊசிகள் கூடாது. ஆகவே "எனக்கு ஊசி போடலாமா?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "நான் இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறேன், இந்த ஊசியைப் போடலாமா?" என்று கேட்பதே பயன் தரும்.

அப்படிக் கேட்க மாத்திரைச் சீட்டு கையில் இருக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தின் வழியாக வீட்டுக்கு வரும் மாத்திரைகளைச் சொல்கிறவர்கள்கூட, மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் "செட் மாத்திரை"யைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். பெயர் தெரியாத அந்தப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். ஊசிக்குப் பிந்தைய உடல்வலிக்கு அதையே மீண்டும் வாங்கினால், அதில் இருக்கக்கூடிய டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து பலவீனமான சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். காய்ச்சலுக்கும் வலிக்கும் மருத்துவர் சொன்ன அளவில் பாரசிட்டமால் போதும். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்கள், ஊசிக்காக அதை நிறுத்தவேண்டுமா என்பதைத் தாமாக முடிவு செய்யக் கூடாது. நோயின் நிலையைப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டியது அது.

டயாலிசிஸ் செய்துகொள்வோர் விஷயத்தில் அலட்சியம் மிகுதி என்பதை வருத்தத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது. இரத்தம் கருவி வழியாகச் சென்று திரும்பும் சிகிச்சை என்பதால் மஞ்சள்காமாலை பி தொற்றும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். சிறுநீரகம் பழுதானவரின் உடம்பு ஊசிக்குக் குறைவாகவே எதிர்வினை காட்டும். அதனால் அவர்களுக்கு வழக்கமான அளவைப்போல இருமடங்கு, அதாவது 40 மைக்ரோகிராம், பொதுவாக 0, 1, 2, 6 மாதங்களில் 4 தவணையாகப் போடுகிறார்கள். "இரட்டை டோஸா?" என்று பயந்து பாதியில் நிறுத்துகிறவர்களுக்கு இந்தக் காரணத்தை யாராவது பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும். கடைசித் தவணைக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவைச் சோதிப்பதும் அவசியம்; அது 10-க்குக் (mIU/mL) கீழே இருந்தால் மீண்டும் ஊசி தேவைப்படும். டயாலிசிஸ் தொடங்கும் நிலை வருமுன்பே போட்டுக்கொண்டால் பலன் கூடுதல். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக அறுவைசிகிச்சையில் இரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் எந்த ஊசியையும் போட அனுமதிக்கக் கூடாது.

வார்ஃபரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்போர் அதை முன்கூட்டியே சொன்னால், மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள். மற்றபடி எல்லாரும் அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்; கடுமையான ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அதற்குள்ளேயே தெரிந்துவிடும், அதற்கான அட்ரினலின் அங்கேயே இருக்கும்.

வெறிநாய்க்கடிக்கு மட்டும் இந்தத் தயக்கம் எதற்கும் இடமில்லை. நாய் கடித்தபின் "எனக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆகியிருக்கு" என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. கடித்தபின் போடும் இந்த ஊசிக்கு எந்த நாட்பட்ட நோயும் தடையில்லை, வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். அவர்களுக்குச் சிறு கீறலானாலும் ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் (உடனடிப் பாதுகாப்புத் தரும் ஆயத்த எதிர்ப்புப்பொருள்) தேவை. ஊசியையும் தோலில் போடாமல் தசையில், 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் 5 தவணையாக முழுமையாகப் போட வேண்டும்.