முழு செட் வாங்குமுன் ஒரு 7ஆம் அயன்

கோல்ஃப் பழகத் தொடங்கி நாலைந்து மாதமானதும் சொந்தமாக ஒரு செட் வாங்கும் ஆசை வந்துவிடும். விதிப்படி பையில் 14 மட்டை வரை வைக்கலாம். பழகுபவருக்கு எட்டே போதும், அந்த எட்டையும் தெரிவுசெய்ய ஒரு 7ஆம் அயன் (இரும்புத் தலையுள்ள, எண்ணிட்ட மட்டை) போதும். நீளம், ஷாஃப்ட் (மட்டையின் தண்டு), நிலத்தில் வைக்கும்போது தலையின் சாய்வு, கிரிப் (கைபிடி உறை) ஆகிய நாலும் அதில் சரிவந்தால் மற்ற அயன்களையும் அதே அளவில் எடுக்கலாம். பொருந்தாத மட்டையோடு பழகினால் உடம்பு அதற்கேற்ப வளைந்துகொடுக்கக் கற்றுக்கொள்ளும். பிறகு நல்ல மட்டை கைக்கு வந்தாலும் அந்த வளைவு லேசில் போகாது.

முதலில் நீளம். விளையாடும் சப்பாத்தோடு நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டின் மடிப்பிலிருந்து நிலம் வரை வேறொருவர் அளக்கட்டும். 33 முதல் 36 அங்குலம் வரை என்றால் கடையில் உள்ள வழமையான நீளத்திலேயே தொடங்கலாம். 33க்குக் குறைந்தால் அரை அங்குலம் குறைத்துப் பாருங்கள். குறைப்பதென்றால் கைபிடிப் பக்கம்தான் வெட்ட வேண்டும். தலைப் பக்கம் வெட்டினால் ஷாஃப்ட் விறைத்துவிடும். அரை அங்குலம் வெட்டினாலே வீசும்போது தலையின் பாரம் குறைந்ததுபோல் இருக்கும். பெரியவர் மட்டையை வெட்டிப் பிள்ளைக்குக் கொடுப்பதும் பிழை: நீளம் குறையும், விறைப்பும் தலையின் உண்மையான பாரமும் அப்படியே நிற்கும்.

ஷாஃப்டில் பாரத்தை முதலில் பாருங்கள், விறைப்பைக் குறிக்கும் எழுத்தைப் பிறகு பார்க்கலாம். ஸ்டீல் ஷாஃப்ட் பெரும்பாலும் 95 முதல் 130 கிராம், கிராஃபைட் 50 முதல் 80 கிராம். கொழும்பு வெயிலில் ஒரு மணிநேரம் பயிற்சி அடித்த பிறகு கடைசிப் பத்துப் பந்தும் மட்டை முகத்தின் கீழ் விளிம்பில் பட்டால், ஷாஃப்ட் உங்களுக்குப் பாரமாக இருக்கலாம். விறைப்புக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. டிரைவரை (அதிக தூரம் அடிக்கும் மட்டை) வீசும் வேகம் மணிக்கு 85 மைலுக்குக் கீழ் என்றால் இளகலான ஏ, 85 முதல் 95 வரை நடுத்தரமான ஆர், அதற்கு மேல் விறைப்பான எஸ். இளவயதுக்காரர் பலர் ரோஷத்துக்காக எஸ் வாங்குவார்கள். பந்து தாழ்வாகப் பறந்து வலப்பக்கம் விலகும்போது பழி தங்கள் வீச்சின் மேல் விழும்.

தலையின் சாய்வைச் சோதிக்க வெள்ளைப்பலகை மார்க்கர் ஒன்று போதும். பந்தின் ஒரு பக்கத்தில் தடித்த நேர்கோடு போடுங்கள். அந்தக் கோடு மட்டையின் முகத்தைப் பார்த்தபடி செங்குத்தாக நிற்கட்டும். வழமைபோல் அடியுங்கள், கோடு முகத்தில் பதியும். அது முகத்தின் வரிப்பள்ளங்களுக்குச் செங்குத்தாக இருந்தால் சாய்வு சரி. கோட்டின் மேல்முனை தலையின் நுனிப்பக்கம், அதாவது ஷாஃப்டுக்கு எதிர்ப்பக்கம், சரிந்தால் அடிக்கும் நேரம் நுனி தூக்கியிருக்கிறது என்று அர்த்தம். வலக்கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். ஷாஃப்ட் பக்கம் சரிந்தால் நுனி தாழ்ந்திருக்கிறது, பந்து வலப்பக்கம் போகும். ஒரு அடியை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டுப் பத்துப் பந்தாவது அடியுங்கள். கோடு ஒரே பக்கம் சரிந்தால் தலையும் ஷாஃப்டும் சேரும் கழுத்தை ஒன்றிரண்டு பாகை வளைத்துத் திருத்தலாம். வார்ப்பு அயன்களில் சில வளையாமல் உடையும், ஆகவே தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

கிரிப்பை இடக்கையால் பிடியுங்கள். நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் பெருவிரலின் அடிச்சதையை மெதுவாகத் தொட வேண்டும். குத்தினால் கிரிப் மெல்லிது; இடைவெளி விழுந்தால் தடிப்பு. மெல்லியதைப் புதிய கிரிப்பின் அடியில் இன்னொரு சுற்று டேப் ஒட்டித் தடிப்பாக்கலாம். வியர்வைக் கைக்கு நூல் கலந்த கிரிப் நல்லது. மாதம் ஒருமுறை சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் விட்டால் ரப்பர் வழுக்கத் தொடங்கும், தலையை ஒட்டிய பசையும் இளகும்.

எட்டு எவை? இங்கே பாகை என்பது முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. 10.5 முதல் 12 பாகை டிரைவர், 5ஆம் வூட் (தூர அடிக்கான பருத்த தலை மட்டை), 22 முதல் 25 பாகைக்குள் ஒரு ஹைபிரிட் (வூட்டுக்கும் அயனுக்கும் இடைப்பட்டது), 7, 9ஆம் அயன்கள், குறுந்தூரத்துக்குப் பிட்சிங் வெட்ஜ், மணற்குழிக்குச் சாண்ட் வெட்ஜ், பந்தைக் குழிக்குள் உருட்டப் பட்டர். 3, 4ஆம் அயன்களை மறந்துவிடுங்கள். புதியவர் வேகத்துக்கு அவை எழும்பாது. 9 பாகை டிரைவரும் வேண்டாம், அது பந்து பக்கவாட்டில் வளைவதைக் கூட்டிக்காட்டும். அயன் எண்ணை மட்டும் நம்பாமல் பாகையையும் கேளுங்கள். இன்றைய 7ஆம் அயன் 28 பாகையிலும் வரும், 34 பாகையிலும் வரும். செட்டின் பிட்சிங் வெட்ஜ் 44 பாகையென்றால் சாண்ட் வெட்ஜ் 54 போதும். 58 எடுத்தால் இரண்டின் அடிதூரத்துக்கும் நடுவில் பெரிய இடைவெளி விழும். களனிவெளி ரயில் பாதை குறுக்கே ஓடும் பொரளை ரிட்ஜ்வே மைதானத்தில் மழைக்காலத்தில் விளையாடுவோர் அகலமான அடிப்பாகமும் 10 முதல் 14 பாகை பவுன்ஸும் (அடிப்பாகம் முன்விளிம்புக்குக் கீழே இறங்கும் கோணம்) உள்ள சாண்ட் வெட்ஜ் பார்க்கலாம். மெல்லிய அடிப்பாகம் ஈரமண்ணில் புதைந்து நின்றுவிடும்.

பாவித்த மட்டை நல்ல தெரிவுதான், ஆனால் கையில் எடுத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். அயன்களை நிலத்தில் குத்தி வரிசையாக நிறுத்துங்கள். எண் ஒன்று கூடக்கூட நீளம் ஏறக்குறைய அரை அங்குலம் குறைந்து வர வேண்டும். ஒன்று மட்டும் பிசகினால் அந்த ஷாஃப்ட் மாற்றப்பட்டோ வெட்டப்பட்டோ இருக்கலாம். தலையும் ஷாஃப்டும் சேருமிடத்துக் கறுப்பு வளையம் மேலே ஏறியிருந்தால் பசை விட்டிருக்கலாம். ஒரு கையால் தலையையும் மறுகையால் ஷாஃப்டையும் பிடித்து முறுக்குங்கள், கிறீச்சென்றால் வேண்டாம். கடல்காற்று பட்ட ஸ்டீலில், கிரிப் முடியுமிடத்தில் நகத்தை ஓட்டுங்கள். துருப்பொட்டு தட்டுப்பட்டால் உள்ளேயும் இருக்கலாம். கிராஃபைட்டில் பூச்சுக் கீறலும் நார் வெடிப்பும் வேறு. ஷாஃப்டைச் சுற்றி ஓடும் கோடு நகத்தில் தட்டினால் அது வெடிப்பு. டிரைவரைக் காதருகே குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. கிரிப் பளபளவென்று கடினமாயிருந்தால் அது மாற்ற வேண்டியதுதான். எட்டுக் கிரிப்பின் செலவைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.