போஸ்டர் மாட்டும் முன் தேதியைப் பாருங்கள்

"கட்டுரை இன்னும் வெளியாகவில்லை சார், மாநாட்டில் ஆய்வை விளக்கும் போஸ்டர் மட்டும்தான் வைத்தோம்." காப்புரிமை விண்ணப்பம் எழுதுவது என் தொழில், மாதம் ஒருவராவது இதைச் சொல்லிவிடுவார். விண்ணப்பிக்கும் முன்பே கண்டுபிடிப்பு வெளியே தெரிந்துவிட்டால் காப்புரிமை போய்விடலாம். அதனால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தத் தேதியில் வைத்தீர்கள்?

அவர்களுக்கு அமெரிக்காவின் க்ளாப்ஃபென்ஸ்டீன் வழக்கைச் சொல்வேன். 1998 அக்டோபரில் தானிய வேதியியலாளர் சங்கக் கூட்டத்தில், க்ளாப்ஃபென்ஸ்டீன் குழுவினர் சோயா நார்ச்சத்து பற்றிய 14 ஸ்லைடுகளைப் பலகையில் ஒட்டி இரண்டரை நாள் வைத்திருந்தார்கள். அடுத்த மாதம் கான்சஸில் ஒரு நாளுக்கும் குறைவாக. யாருக்கும் பிரதி கொடுக்கவில்லை, எந்த நூலகப் பட்டியலிலும் ஏறவில்லை. காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 2000 அக்டோபர் 30. 2004-இல் நீதிமன்றம் அந்தக் காட்சியை 'அச்சிட்ட வெளியீடு' என்றே சொல்லிவிட்டது. வந்தவர்கள் அதே துறைக்காரர்கள், குறிப்பெடுக்கத் தாராளமாக நேரம் இருந்தது, நகலெடுக்காதீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. வெளியிட்ட பிறகு விண்ணப்பிக்க அமெரிக்கா தரும் ஓராண்டுச் சலுகையும் தாண்டியிருந்ததால் காப்புரிமை போயிற்று.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் காட்சிக்கு வைப்பது மட்டும் 'வெளியீடு' ஆகாது. ஒரே போஸ்டர், இரண்டு பதில்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் புரொவிஷனல் விண்ணப்பம், அதாவது தேதியைப் பிடித்துவைக்கும் தற்காலிக விண்ணப்பம்; அப்புறம்தான் மாநாட்டுக்கு அனுப்பும் அப்ஸ்ட்ராக்ட் என்ற ஆய்வுச் சுருக்கம். அமெரிக்காவில் விண்ணப்பிக்க வந்த ஒரு மாணவி, மாநாடு போன மார்ச்சில்தான், இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்றார். கைப்பேசியில் தேடச் சொன்னேன். அப்ஸ்ட்ராக்ட் தொகுப்பு பிப்ரவரியிலேயே இணையத்தில் ஏறியிருந்தது, வினையூக்கியின் விகிதம் உட்பட. ஒரு மாதம் ஒன்பது நாளாகச் சுருங்கியது. அன்று மதியம் சாப்பிடாமல் எழுதினோம்.

ஏற்கெனவே பேசிவிட்டீர்கள் என்றால், இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, கண்டுபிடித்தவரே அறிஞர் சங்கத்தில் வாசித்த கட்டுரைக்கு 12 மாதம் தருகிறது. ஹோட்டல் ஹாலில் நடப்பதெல்லாம் அறிஞர் சங்கம் ஆகிவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ஐரோப்பாவில் இந்தச் சலுகை கிடையாது. வாயால் சொன்னதும் கணக்கில் வரும்.

இந்தியாவில் புரொவிஷனலுக்குப் படிவம் 1, படிவம் 2. தனிநபர் இணையத்தில் தாக்கல் செய்தால் 1,600 ரூபாய். முழு விவரக்குறிப்புக்கு அன்றிலிருந்து 12 மாதம். அளவுகள், வரைபடம், மாற்று வழிகள் எல்லாவற்றையும் புரொவிஷனலிலேயே கொட்டிவிடுங்கள். தாக்கல் எண் கைக்கு வரும்வரை, எங்கே கூப்பிட்டாலும் முடிவை மட்டும் பேசுங்கள். செய்முறையை வாயைவிட்டு வெளியே விடாதீர்கள்.