தன்னார்வ நிதிப் பணி: பட்ஜெட்டில் கை வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளர்ச்சிப் பணியில் கணக்கு தெரிந்தவர்களுக்கு எப்போதுமே தட்டுப்பாடுதான். பள்ளி நடத்தவும் கிணறு வெட்டவும் ஆள் கிடைத்துவிடும். கொடையாளருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டிய நிதி அறிக்கையை எழுத ஆள் கிடைக்காது. அந்த இடத்தைத்தான் தன்னார்வலர்கள் நிரப்புகிறார்கள். 1970-இல் பொதுச் சபையின் தீர்மானத்தால் உருவான ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 2000-ஆம் ஆண்டிலிருந்து இணையவழிப் பணிகளையும் ஏற்பாடு செய்து தருகிறது. வேறொரு கண்டத்தில் இயங்கும் சிறிய தொண்டு நிறுவனத்தின் பட்ஜெட்டை வீட்டிலிருந்தபடியே தயாரித்துக் கொடுக்க இன்று முடிகிறது.

இப்படி முன்வருகிறவர்கள் பெரும்பாலும் தொழில் தெரிந்தவர்கள். வங்கியிலோ தணிக்கை நிறுவனத்திலோ பல ஆண்டுகள் பழகியவர்கள். கூட்டல் கழித்தலில் அவர்கள் சறுக்குவதில்லை. அறிக்கையில் கையொப்பமிடப் போவது யார் என்பதை மறக்கும் இடத்தில்தான் சறுக்குகிறார்கள். இரண்டு ஆண்டு கழித்துத் தணிக்கையாளர் வந்து "இந்தத் தொகை எப்படி வந்தது?" என்று கேட்கும்போது, நிறுவனத்தின் நிதி அலுவலரும் இயக்குநரும் பதில் சொல்ல வேண்டும். தன்னார்வலர் அப்போது அங்கே இருக்க மாட்டார். ஆகவே அவர்களால் விளக்க முடியாத ஓர் எண்கூட பட்ஜெட்டில் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் எக்செல்லைத் திறப்பது

முதல் நாளே கோப்பைக் கேட்டு வாங்கி, சூத்திரங்களைத் திருத்தத் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது மானிய ஒப்பந்தம். ஒரே நிறுவனத்தில் மூன்று கொடையாளர்கள் இருந்தால் மூன்று விதமான விதிகள் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளிநாட்டு உதவி மானியங்களில், பட்ஜெட்டின் ஒரு முதன்மைச் செலவுத் தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு, தொடக்கத் தொகையில் 25 சதவீதம் வரை ஒப்பந்தத் திருத்தம் இல்லாமலே மாற்றிக்கொள்ளப் பொதுவாக இடம் உண்டு. நிர்வாகச் செலவுத் தலைப்புக்கு இந்தச் சலுகை கிடையாது. அமெரிக்கக் கூட்டாட்சி மானியங்களில், பெரிய தொகைகளுக்கு, மொத்த பட்ஜெட்டின் 10 சதவீதத்தைத் தாண்டும் மாற்றங்களை முன் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது என்று நிதி தரும் துறை கட்டுப்பாடு விதிக்கலாம். ஒன்றின் விதியை மனதில் வைத்துக்கொண்டு இன்னொன்றின் பட்ஜெட்டை மாற்றினால், நல்ல நோக்கத்தோடு செய்த செலவுகூட "ஏற்கத்தகாத செலவு" என்று திரும்பி வரும். அந்தப் பணத்தை நிறுவனம் தன் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.

பணம் எப்படி வருகிறது என்பதையும் ஒப்பந்தத்திலேயே பார்க்க வேண்டும். யுனிசெஃப், ஐ.நா. வளர்ச்சித் திட்டம் போன்ற அமைப்புகள் பொதுவாகக் காலாண்டுக்கு ஒருமுறை முன்பணம் தருகின்றன. முந்தைய முன்பணத்துக்குக் கணக்குக் காட்டினால்தான் அடுத்தது வரும். வேறு சிலர், செலவழித்துவிட்டு வாருங்கள், பிறகு தருகிறோம் என்பார்கள். இந்த இரண்டுக்கும் ஒரே மாதிரி ரொக்கத் திட்டம் போட முடியாது.

தேதியையும் புள்ளியையும் நம்புவது

அடிஸ் அபாபாவிலிருந்து வந்த ஸ்கேன் செய்த ரசீது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். திட்டம் 2024-இல் நடக்கிறது. ரசீதில் ஆண்டு 2016 என்றிருக்கிறது. பழைய ரசீதைச் செருகிவிட்டார்கள் என்று தன்னார்வலர் சிவப்பு நிறம் அடித்துவிடுவார். எத்தியோப்பிய நாட்காட்டி கிரிகோரியன் நாட்காட்டியைவிட ஏழெட்டு ஆண்டு பின்னால் ஓடுகிறது. அந்த ரசீது முற்றிலும் சரியானது. நேபாளத்தில் இதற்கு நேர்மாறு. அங்கே விக்ரம் சம்வத் வழக்கில் உள்ளதால் 2024 மே மாத ரசீதில் 2081 என்று இருக்கும். அந்நாட்டின் நிதியாண்டு ஜூலை மாத நடுவில் தொடங்குகிறது. அமெரிக்க அரசின் நிதியாண்டோ அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. இரண்டையும் ஒரே அறிக்கையில் பொருத்தும்போது எந்தச் செலவு எந்தக் காலத்துக்கு உரியது என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

புள்ளியும் அப்படித்தான். போர்ச்சுகீசிய முறையைப் பின்பற்றும் மொசாம்பிக்கில் 1.500,00 என்று எழுதினால் ஆயிரத்து ஐந்நூறு. வேறு அமைப்புள்ள கணினியில் 1.500 என்பதைத் தட்டச்சு செய்தால் எக்செல் அதை ஒன்றரை என்று எடுத்துக்கொள்ளும். 03/04 என்ற தேதி மார்ச்சா ஏப்ரலா என்பதும் கணினியின் அமைப்பைப் பொறுத்து மாறும். சந்தேகம் வந்தால் சிவப்பு நிறம் அடிக்காதீர்கள், "இந்த ரசீதின் தேதி எந்த நாட்காட்டிப்படி என்று சொல்ல முடியுமா?" என்று நிதி அலுவலரிடம் கேளுங்கள். ஒரு வரி மின்னஞ்சலில் தீரும் விஷயம் அது. குற்றச்சாட்டுத் தொனியில் போனால் ஆறு மாத நம்பிக்கை ஒரே நாளில் போய்விடும்.

நாணய மாற்று விகிதத்தைக் கடைசி நிமிடத்துக்கு விடுவது

சிறிய நிறுவனங்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். மானியம் டாலரிலோ யூரோவிலோ வரும். செலவு உள்ளூர் நாணயத்தில் நடக்கும். பட்ஜெட் எழுதிய நாளின் விகிதம் திட்டம் முடியும்வரை நிற்கும் என்று எண்ணுவது பெரிய தவறு. மலாவியின் ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் டாலரின் விலை 44 சதவீதம் கூடும்படி அந்நாட்டு நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்தது. எத்தியோப்பியா 2024 ஜூலை 29 அன்று தன் நாணயமான பிர்ரைச் சந்தையின் போக்குக்கு விட்டது; டாலருக்கு 57 பிர் அளவில் இருந்தது சில வாரங்களில் 100-ஐத் தாண்டியது.

இதன் விளைவை எண்களில் பார்க்கலாம். ஒரு நிறுவனம் 10,000 டாலரை 57 விகிதத்தில் மாற்றி 5,70,000 பிர் பெறுகிறது. இரண்டாம் தவணை 10,000 டாலர் 100 விகிதத்தில் 10,00,000 பிர் ஆகிறது. மொத்தம் 20,000 டாலருக்கு 15,70,000 பிர். சராசரி விகிதம் 78.5. இப்போது 1,57,000 பிர்ருக்கு ஒரு செலவு. சராசரிப்படி அது 2,000 டாலர். முதல் தவணையின் விகிதத்தில் கணக்கிட்டால் ஏறத்தாழ 2,754 டாலர். இரண்டாம் தவணையின் விகிதத்தில் 1,570 டாலர். ரசீது ஒன்று, விடை மூன்று. எது சரி என்பதை ஒப்பந்தம்தான் சொல்லும். சிலர் சராசரியைக் கேட்பார்கள், சிலர் முதலில் வந்த தவணையின் பணம் தீரும்வரை அதன் விகிதத்தையே போடச் சொல்வார்கள், சில ஒப்பந்தங்கள் ஐரோப்பிய ஆணையம் மாதந்தோறும் வெளியிடும் இன்ஃபோர்யூரோ விகிதத்தைக் குறிப்பிடும். இணையத்தில் தேடிக் கிடைத்த அன்றைய விகிதத்தைப் போட்டு அறிக்கையை முடிப்பது எந்தத் தணிக்கையிலும் நிற்காது. வங்கி பணத்தை மாற்றிக் கொடுத்த சான்றிதழை ஒவ்வொரு தவணைக்கும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

மதிப்புச் சரிவால் கையில் உள்ளூர்ப் பணம் கூடியதைப் பார்த்து, மிச்சம் என்று மகிழ்ந்துவிடவும் கூடாது. எரிபொருளும் இறக்குமதி மருந்தும் அடுத்த மாதமே விலை ஏறும். ஊழியர்கள் சம்பள உயர்வு கேட்பார்கள், கேட்பதில் நியாயமும் இருக்கும். அறிக்கையிலோ டாலர் கணக்கில் பணம் செலவாகாமல் கிடப்பது போலத் தெரியும். திட்டம் முடிந்தபின் சொன்னால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். நடுவிலேயே எழுதித் திருத்தம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். நாணயம் யூரோவோடு கட்டப்பட்ட நாடுகளில் இந்தக் கவலை குறைவு. மேற்கு ஆப்பிரிக்காவின் சி.எஃப்.ஏ. பிராங்க் ஒரு யூரோவுக்கு 655.957 என்று நிலையாக இருக்கிறது. ஆனால் மானியம் டாலரில் வந்தால் அங்கேயும் ஏற்ற இறக்கம் உண்டு.

நிர்வாகச் செலவைக் குறைத்துக் காட்டுவது

"நூற்றுக்கு நூறு பணமும் மக்களுக்கே" என்று எழுதினால் கொடையாளர் மகிழ்வார் என்ற நினைப்பில், நிர்வாகச் செலவைச் சுரண்டி எடுத்துவிடும் தன்னார்வலர்கள் நிறையப் பேர். இந்தப் பெருமை எனக்கு வருத்தம் தருகிறது. கணக்காளரின் சம்பளம், தணிக்கைக் கட்டணம், வங்கிக் கட்டணம், அலுவலக வாடகை, பணி முடிவில் ஊழியருக்குத் தர வேண்டிய தொகை இவையெல்லாம் பட்ஜெட்டில் இல்லாவிட்டாலும் நடக்கத்தான் போகின்றன. அந்தப் பணம் கடைசியில் ஊழியரின் தாமதமான சம்பளத்திலிருந்தோ பழுதுபார்க்காத வண்டியிலிருந்தோ வரும்.

கொடையாளர்களே இதற்கு இடம் கொடுத்திருக்கும்போது கேட்காமல் விடுவது தவறு. ஐரோப்பிய ஒன்றிய மானியங்களில் நேரடிச் செலவில் 7 சதவீதம் வரை மறைமுகச் செலவாக, அதாவது ஒரு திட்டத்துக்கு மட்டும் உரியதல்லாத பொது நிர்வாகச் செலவாக, கேட்கலாம். மறைமுகச் செலவுக்கு அமெரிக்க அரசோடு தனியாகப் பேசி முடிவான விகிதம் இல்லாத நிறுவனங்களுக்கு அமெரிக்கக் கூட்டாட்சி விதிகள் தந்துவந்த 10 சதவீதம், 2024 அக்டோபர் 1 முதல் 15 சதவீதம் வரை என்று உயர்ந்திருக்கிறது. நேரடியாக எழுதக்கூடியதை நேரடித் தலைப்பில் எழுதுங்கள், மீதியை மறைமுகச் செலவில் கேளுங்கள். ஒன்றையே இரண்டு இடத்திலும் எழுதாதீர்கள்.

சம்பளத்தில் இந்த இரட்டைப் பதிவு அடிக்கடி நேர்கிறது. ஒரு கணக்காளரின் சம்பளத்தை மூன்று மானியங்களிலும் 40 சதவீதம் என்று எழுதியிருப்பார்கள். மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கும்வரை குறை தெரியாது. சேர்த்தால் 120 சதவீதம். எல்லா மானியங்களையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக வைத்து, ஊழியர் வாரியாகக் கூட்டிப் பார்ப்பது தன்னார்வலர் செய்து கொடுக்கக்கூடிய மிகப் பயனுள்ள வேலைகளில் ஒன்று. அமெரிக்க விதிகளின்படி பட்ஜெட்டில் எழுதிய சதவீதம் மட்டும் சம்பளச் செலவுக்கு ஆதாரம் ஆகாது. உண்மையில் செய்த வேலையைக் காட்டும் பதிவு வேண்டும். நேரப்பதிவை மாதக் கடைசியில் மொத்தமாக நிரப்பும் பழக்கம் இருந்தால் அதை முதலில் மாற்றச் சொல்லுங்கள்.

அழகான கோப்பு, புரியாத கோப்பு

பல தாள்கள், பூட்டிய கட்டங்கள், ஒன்றோடொன்று பின்னிய சூத்திரங்கள் என்று பிரமாதமான பட்ஜெட் கோப்பைச் செய்து அனுப்புவார்கள். அந்தப் பக்கம் நிதி அலுவலரிடம் பழைய மடிக்கணினி, விட்டு விட்டு வரும் மின்சாரம். ஒரு வரியைச் செருகினால் கூட்டுத்தொகை அதைச் சேர்க்காமல் விட்டுவிடும். அவருக்கு அது தெரியவும் தெரியாது. எளிய கோப்பு போதும். உழைப்பை ஒவ்வொரு வரியின் விளக்கக் குறிப்பில் செலுத்துங்கள். "பயிற்சி: 6,000 டாலர்" என்பதால் யாருக்கும் பயனில்லை. "2 பயிற்சிகள் × 3 நாள் × 25 பேர் × நாளொன்றுக்கு 40 டாலர்" என்று எழுதினால் அதே 6,000 டாலரைப் பற்றி உடனே பேசத் தொடங்கலாம்: 25 பேரில் பயிற்றுநர் உண்டா, வெளியூரிலிருந்து வருகிறவரின் தங்கும் செலவு 40-இல் அடங்குமா என்று. அலகு விலையை நீங்களாக ஊகிக்காதீர்கள். களப் பணியாளரிடம் கேளுங்கள், அவர் வாங்கிய விலைப்பட்டியலைக் கோப்போடு இணையுங்கள்.

வங்கிக் கணக்கின் சாவியை வாங்கிக்கொள்வது

உதவி வேகமாக நடக்க வேண்டும் என்று வங்கியின் கடவுச்சொல்லைத் தன்னார்வலரிடம் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. வாங்காதீர்கள். கேட்பவர் ஒருவர், அனுமதிப்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் ஒருவர், பதிவு செய்பவர் ஒருவர் என்பது அடிப்படை. ஆள் பற்றாத இடத்தில் இரண்டு வேலை ஒருவரிடம் சேரலாம்; அனுமதியும் பணம் கொடுப்பதும் ஒரே கையில் சேரக் கூடாது. தன்னார்வலருக்குப் பொருத்தமான இடம் இவற்றுக்கு வெளியே இருக்கிறது: மாதந்தோறும் வங்கி அறிக்கையையும் ரொக்கப் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது, இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளின் பட்டியலில் மூன்று மாதமாகத் தீராமல் நிற்கும் பதிவு எதுவென்று கேட்பது. சம்பளப் பட்டியலைச் சொந்த மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

ஒரே ரசீது இரண்டு கொடையாளரின் கணக்கில் இருப்பதைக் கண்டால் முதலில் நிதி அலுவலரிடம் விளக்கம் கேளுங்கள். பெரும்பாலும் மானிய எண் முத்திரை இடாததால் நேர்ந்த குழப்பமாக இருக்கும். விளக்கம் பொருந்தாவிட்டால் அடுத்து யாரிடம் போவது என்பதைப் பணியில் சேரும் நாளிலேயே எழுத்தில் முடிவு செய்திருக்க வேண்டும். முறைகேடு என்றால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. கண்டபின் மௌனமாக இருப்பது நட்பாகாது.

செலவை மட்டும் பார்த்து ரொக்கத்தை மறப்பது

2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபரின் ஆணை வெளிநாட்டு வளர்ச்சி உதவியை 90 நாளுக்கு நிறுத்தி வைத்தது. அதற்குமுன் செய்து முடித்த வேலைக்கான பணம்கூட வராமல் பல நிறுவனங்கள் தவித்தன. ஆண்டு பட்ஜெட் அவர்களிடம் ஒழுங்காகத்தான் இருந்திருக்கும். அடுத்த மாதச் சம்பளத்துக்குக் கையில் என்ன இருக்கிறது என்பதை ஆண்டு பட்ஜெட் சொல்லாது. வரவு வரும் மாதம், செலவு போகும் மாதம் என்று பிரித்த ரொக்கத் திட்டம் ஒன்றைப் போட்டு, எந்த மாதத்தில் மிச்சம் கழித்தல் குறிக்குப் போகிறது என்பதை இயக்குநருக்குக் காட்டுங்கள். அந்த மாதத்தில் இன்னொரு திட்டத்தின் பணத்தை "இப்போதைக்கு" எடுத்துச் சமாளிக்கும் ஆசை வரும். ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று வந்த பணம் அது. எடுப்பது ஒப்பந்த மீறல். முன்கூட்டியே தெரிந்தால் தவணையை முன்னதாகக் கேட்கலாம், ஒரு கொள்முதலைத் தள்ளிப் போடலாம்.

விடைபெறுவதையும் இதே போலத் திட்டமிட வேண்டும். கோப்புகள் எல்லாம் நிறுவனத்தின் இடத்தில், நிறுவனத்தின் கடவுச்சொல்லின் கீழ் இருக்கட்டும். பணிக்காலத்தின் கடைசி அறிக்கையை நீங்கள் எழுதாதீர்கள். நிதி அலுவலரே தொடக்கம் முதல் இறுதிவரை எழுதட்டும். நீங்கள் இருக்கும்போதே கொடையாளரின் கேள்விகள் வரட்டும், அவரே பதில் எழுதட்டும். அவர் தடுமாறும் இடங்கள் நீங்கள் விட்டுச் செல்லும் ஒப்படைப்புக் குறிப்பில் எழுத வேண்டிய இடங்கள்.