ஆற்றங்கரைக் கோட்டை ஓவியத்தைச் சொற்களில் விவரிப்பது எப்படி?

ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் பழைய அச்சுப்படங்களின் முன் குறிப்பேட்டுடன் நிற்பவர்களில் பலர், முதல் வரியிலேயே கோட்டையைக் கட்டியவர் யார் என்று எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். வரலாறு சற்றுப் பொறுக்கட்டும். ஓவியர் எங்கிருந்து பார்க்கிறார் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். தொடுவானம் படத்தின் கீழ்ப்பகுதியில் இருந்தால் அவர் பெரும்பாலும் நீர்மட்டத்தை ஒட்டிய கரையிலோ படகிலோ இருக்கிறார். மதில் நம்மேல் ஓங்கி நிற்பதுபோல் தோன்றுவதும் அதனால்தான்.

அடுத்து நீருக்கு வாருங்கள். ஓவியரின் திறமை தெரிவது கோட்டையைவிட ஆற்றில்தான் என்பது என் கருத்து. நேப்பியர் பாலத்தில் நின்று கூவத்தைச் சிறிது நேரம் கவனித்தால், வெயில் பட்ட சுவரின் பிம்பம் நீரில் சற்று மங்கியும், இருண்ட மரத்தின் பிம்பம் சற்று வெளிறியும் விழுவது புலப்படும் (மூக்கைப் பொத்திக்கொள்வது உங்கள் விருப்பம்). ஓவியர் அதைக் கவனித்திருக்கிறாரா, அல்லது கோட்டையை அப்படியே தலைகீழாக்கி வைத்துவிட்டாரா என்று எழுதுங்கள்.

கட்டடத்துக்கு வரும்போது ‘கோட்டை கொத்தளம்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடாமல், மதில் எது, அதிலிருந்து துருத்தி நிற்கும் கொத்தளம் எது, ஆற்றில் இறங்கும் படித்துறை எங்கே என்று பிரித்துச் சொல்லுங்கள். இதில் அலட்சியம் கூடாது. ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரரின் மகன் வில்லியமும் 1795 முதல் 1808 வரை வெளியிட்ட 144 இந்தியக் காட்சிகளுள் ஒன்று, அக்பர் 1583-இல் கட்டத் தொடங்கிய அலகாபாத் கோட்டைக்குள் யமுனைக் கரையில் இருந்த ‘சாலிஸ் சத்தூன்’ மண்டபத்தைக் காட்டுகிறது. நாற்பது தூண்கள் என்று பொருள்படும் அந்த மண்டபம் இன்று இல்லை என்பதால், படத்தில் தெரியும் தூணும் மாடமும் நமக்குக் கிடைக்கும் முக்கியமான சாட்சி.

அந்தப் படம் தூரிகை ஓவியம் அன்று, செப்புத்தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டிய அக்வாடின்ட் அச்சு. உருப்பெருக்கியில் பார்த்தால் வானம் முழுவதும் நுண்ணிய மணல் தூவியதுபோல் இருக்கும். ஊடகத்தைத் தவறாமல் குறிப்பிடுங்கள்.

படகோட்டி, துணி துவைப்பவர் போன்ற மனித உருவங்களுக்கு ஓரிரு வரி போதும். மதிலின் உயரத்தை அவர்களை வைத்து ஒப்பிடலாம். எழுதி முடித்ததும் படத்தைப் பார்க்காத ஒருவரிடம் படித்துக்காட்டி, பென்சிலால் வரையச் சொல்லுங்கள். ஆறு இடம் மாறி வந்தால், அதைச் சொல்லும் வாக்கியத்தைத் திருத்துங்கள்.