பாட்டியின் கால் பங்கு: ஊரில் சொத்து முடிக்கப் போகிறவர்களுக்கு

அப்பா இறந்த தேதியில் அவரைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தாரா? டிக்கெட் எடுக்கும் முன் இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அப்பா பெயரில் நிற்கும் வீட்டையோ நிலத்தையோ வாரிசுகள் பெயருக்கு மாற்ற வெளிநாட்டிலிருந்து வரும் இந்துக் குடும்பங்கள் பலவும் இந்தக் கேள்வியைத் தாலுகா அலுவலகத்தில்தான் முதன்முதலாகக் கேட்கின்றன. அதற்குள் விடுப்பில் பாதி கரைந்திருக்கும்.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, பிள்ளைகளோடு பெற்ற தாயும் உண்டு. அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடு, இருப்பது அம்மா, இரண்டு பிள்ளைகள், பாட்டி என்றால் நான்கு சம பங்கு. தாத்தா முன்பே போய்விட்ட நிலையில் பாட்டியும் உயில் இல்லாமல் காலமானால், அவருடைய கால் பங்கு அவர் பெற்ற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் போகும். அப்பாவோடு சேர்த்து நான்கு பிள்ளைகள் என்றால் பெரியப்பா, சித்தப்பா, அத்தை மூவருக்கும் தலைக்கு 16-ல் ஒரு பங்கு. அப்பாவுக்குரிய 16-ல் ஒன்று அவர் பிள்ளைகளுக்கு. ஆகவே சித்தப்பா வந்து பங்கு கேட்டால் அதைப் பேராசை என்று பேசிவிடாதீர்கள். பாட்டியைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவர் அவர்தான் என்றால், பேச்சை அங்கிருந்து தொடங்குவதே மரியாதை.

இதனால் வாரிசுச் சான்றிதழ் ஒன்று போதாது. அப்பாவுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியரிடம் போகும். சிக்கல் முதல் படியிலேயே இருக்கிறது. வி.ஏ.ஓ. அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுதுவார். ஊரில் இருப்பவர்களைத்தான் ஊருக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு முன் வெளிநாடு போன மகளை வீட்டில் கூப்பிடும் பெயரில் எழுதுவார்கள், அல்லது விட்டே விடுவார்கள். ஊர் நம்மை மறந்ததில் ஊரின் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் பெயர் விட்டுப்போன சான்றிதழை வைத்துப் பத்திரம் பதிந்துவிட்டால், பிறகு ரத்துக் கோரி வழக்குப் போடத்தான் வேண்டும்.

பெயர் விஷயத்தை இன்னும் கூர்ந்து பாருங்கள். பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் பின்னால். ஒரே ஆளுக்கு மூன்று பெயர். மூன்றும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் தயாரித்து, பிறப்புச் சான்று, திருமணச் சான்று நகல்களோடு விண்ணப்பத்திலேயே இணையுங்கள். வட்டாட்சியர் கையெழுத்திடும் முன் ஒவ்வோர் எழுத்தையும் சரிபாருங்கள். உறவினர் யாராவது ஆட்சேபித்தால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். ஆதார் கேட்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் ஊருக்கு வந்தவுடன் ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம்; வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் அதற்கு முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும்.

நேரில் நிற்க முடியாதவர்கள், இருக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரம் (தனக்காக இன்னொருவர் செயல்பட அதிகாரம் தருவது) எழுதிச் சான்றுபெற்று அனுப்பலாம். இந்தியாவுக்கு வந்துசேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அப்பா கொடுத்த பழைய பவர் அவர் இறந்த அன்றே செத்துப்போனது. அதை வைத்து யார் எதை விற்றாலும் செல்லாது.

அடுத்தது, கிளம்புவதற்கு முதல் நாள் வரும் விடுதலைப் பத்திரம், அதாவது உங்கள் பங்கை மற்றப் பங்குதாரருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம். “ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டுப் போப்பா” என்பார்கள். வருஷாவருஷம் வீட்டுவரி கட்டியவரின் குரல் அது. மறுக்க வாய் வராது. கொடுக்க மனமிருந்தால் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் வாசித்துவிட்டுக் கொடுங்கள். சர்வே எண்ணும் பரப்பும் பேசிய சொத்துக்கு மட்டும்தானா, ‘மற்றும் அனைத்துச் சொத்துகளும்’ என்று ஒரு வரி நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. இது 2023 ஜூலை முதல் உள்ள அளவு. விடுதலை அந்தச் சொத்தில் பங்கு உள்ளவர்களுக்குள் மட்டுமே எழுதக்கூடியது. சித்தப்பா இருக்கும்போது அவர் மகன் பெயருக்கு எழுத முடியாது. நஞ்சை, புஞ்சை என்றால் இன்னும் நிதானம் வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியரும் ஓ.சி.ஐ. அட்டைக்காரரும் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) விவசாய நிலத்தை வாரிசாகப் பெறலாம், விலைக்கு வாங்க முடியாது. தாத்தா உழுத வயலை எழுதிக்கொடுத்துவிட்டால், பிறகு எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் திரும்ப வாங்க வழியில்லை.

விற்பதென்றால் வரி. இந்தியாவில் வாரிசு வரி கிடையாது; எஸ்டேட் டியூட்டி 1985-லேயே எடுக்கப்பட்டது. விற்ற லாபத்துக்குத்தான் வரி. 2024 ஜூலை 23 முதல் நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் (வாங்கிய விலையை விலைவாசி உயர்வுக்கேற்பக் கூட்டிக் காட்டுவது) இல்லாமல். அந்தத் தேதிக்கு முன் வாங்கிய சொத்துக்கு, சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற மாற்று வழி உள்நாட்டில் வசிப்பவருக்கு மட்டும் உண்டு. அப்பா 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியிருந்தால் அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாகக் காட்டலாம். அது அன்றைக்கு அரசு வைத்திருந்த வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது.

அண்ணனும் தங்கையும் பாதிப் பாதியாக 80 லட்சத்துக்கு ஒரு வீட்டை விற்கிறார்கள் என்று வையுங்கள். ஊரில் இருக்கும் அண்ணனின் 40 லட்சத்தில் வாங்குபவர் முன்கூட்டி வரியாகப் பிடிப்பது 1 சதவீதம், 40,000 ரூபாய். வெளிநாட்டில் இருக்கும் தங்கையின் 40 லட்சத்தில், செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 13 சதவீதம், 5 லட்சத்து 20 ஆயிரம். லாபத்தில் அல்ல, முழு விலையில் பிடிப்பார்கள். கிரைய ஒப்பந்தம் போட்டவுடன் வருமான வரி அதிகாரியிடம் குறைந்த பிடித்தச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அது வந்த பிறகே கிரையம். இல்லையென்றால் கணக்குத் தாக்கல் செய்து, திருப்பித் தரும்வரை காத்திருக்க வேண்டும். பணம் என்.ஆர்.ஓ. கணக்கில்தான் (வெளிநாடுவாழ் இந்தியரின் ரூபாய்க் கணக்கு) விழ வேண்டும். அங்கிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை ஆடிட்டர் சான்றோடு வெளியே எடுக்கலாம்.

அம்மா இருக்கிறார் என்றால் இந்தப் பயணத்திலேயே உயில் பற்றிப் பேசுங்கள். பேசச் சங்கடம்தான், விட்டுவிட்டுப் போன பிள்ளை சொத்தைப் பற்றி வாய் திறப்பதா என்று தோன்றும். உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது, பதிவும் கட்டாயமில்லை, பதிந்தால் நல்லது. வங்கிக் கணக்கில் 2025 நவம்பர் முதல் நான்கு நாமினி வரை போடலாம், ஆனால் நாமினி பணத்தை வாங்கிவைத்திருப்பவரே தவிர உரிமையாளர் அல்ல; உரிமையை உயில்தான் சொல்லும். உயிலுக்குச் சாட்சி இருவர் வேண்டும். பங்கு பெறுகிறவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டாம். வழக்கு வந்தால் சாட்சியில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், அம்மாவை விட இருபது வயது இளைய இருவராகப் பாருங்கள்.