ஈஈஜி மாண்டேஜ்: கோட்டைப் படிக்கும்போது நேரும் தவறுகள்

மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈஈஜி திரையில் ஓடும் ஒரு கோடு, தலையில் ஒட்டிய ஒரு மின்முனையைக் காட்டுவதில்லை. முதல் உள்ளீட்டின் மின்னழுத்தத்திலிருந்து இரண்டாவதைக் கழித்த விடைதான் அது. எந்த மின்முனையிலிருந்து எதைக் கழிப்பது என்ற அடுக்குமுறைதான் மாண்டேஜ். விடை எதிர்மறையானால் கோடு மேலே போகும், நேர்மறையானால் கீழே இறங்கும். இந்தக் கழித்தலை மறப்பதிலிருந்துதான் பெரும்பாலான பிழைகள் கிளம்புகின்றன.

எஃப்7, டி3, டி5 ஆகியவை இடப்பக்கத்தில் முன்னிருந்து பின்னாக வரும் மின்முனைகள். எஃப்7–டி3 கோடு கீழும் டி3–டி5 கோடு மேலும் போய் ஒன்றையொன்று நோக்கினால், எதிர்மறை மின்னழுத்தம் டி3-யில்தான் உச்சம். கோடுகள் எதிரெதிராகத் திரும்பும் இந்த ஃபேஸ் ரிவர்சலைக் கண்டதுமே வலிப்பு அலை என்று எழுதிவிடுகிறார்கள். அது இடத்தை மட்டுமே சொல்லும், நோயைச் சொல்லாது. உறக்கத்தில் வரும் இயல்பான வெர்டெக்ஸ் அலைகளும் உச்சந்தலையில் இப்படித்தான் திரும்பும்.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. இடப் பின்னந்தலையின் ஓ1-இல் உச்சம் கொள்ளும் ஸ்பைக் என்ற கூரான அலை, மின்முனைகளை அடுத்தடுத்து இணைத்து முன்பின்னாக ஓடும் சங்கிலியில் திரும்பவே திரும்பாது. ஓ1-தான் சங்கிலியின் கடைசி. டி5–ஓ1, ஓ1–ஓ2, ஓ2–டி6 எனத் தலையைச் சுற்றிவரும் சங்கிலிக்கு மாற்றினால் தெளிவாகத் தெரியும். ஒரே மாண்டேஜில் முழுப் பதிவையும் படித்து முடிக்கவே கூடாது.

எல்லாவற்றிலிருந்தும் பொதுவாகக் கழிக்கப்படும் ரெஃபரன்ஸ் மின்முனை சும்மா இருக்கிறது என்ற நம்பிக்கைதான் அதிகம் ஏமாற்றும். இடது டெம்போரல் ஸ்பைக் காது மின்முனை ஏ1-ஐயும் எட்டிவிடும். அப்போது டி3–ஏ1 சிறுத்துப்போகும். எஃப்3–ஏ1, சி3–ஏ1 கீழ்நோக்கி வளையும். இடப்பக்கம் முழுக்க நேர்மறை அலை என்று தோன்றும். வலது காதின் ஏ2-க்கு மாற்றிப் பாருங்கள். உச்சந்தலையின் சிஇசட்-ஐயும் எடுக்கலாம், ஆனால் நோயாளி உறங்கினால் அதை விட்டுவிடுங்கள். எல்லா மின்முனைகளின் சராசரியைக் கழிக்கும் சராசரி ரெஃபரன்ஸில் கண் சிமிட்டல் எல்லாக் கோடுகளிலும் கசியும். சராசரியிலிருந்து நெற்றியின் எஃப்பி1, எஃப்பி2 இரண்டையும் நீக்குங்கள்.

அடுத்தடுத்த மின்முனைகளைக் கழிக்கும் பைபோலாரில் தட்டையான கோட்டைக் கண்டு மூளை அடங்கிவிட்டது என்று எழுதும் முன், இரண்டு மின்முனைகளுக்கு நடுவே ஜெல் வழிந்து இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் ஒரே மின்னழுத்தம் இருந்தாலும் விடை பூஜ்ஜியம்தான்.

இடைவெளியும் முக்கியம். தலைச்சுற்றளவு 56 செ.மீ. என்றால் எஃப்7-க்கும் டி3-க்கும் இடையே அதில் 10 சதவீதம், அதாவது 5.6 செ.மீ. வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நெருங்கினால் அந்தப் பக்க அலை சிறுக்கும். இல்லாத நோய் இருப்பதுபோல் ஆகும். டேப்பால் அளக்காமல் கண்மதிப்பில் ஒட்டாதீர்கள். காது ரெஃபரன்ஸில் அலை பெரிதாக இருக்கிறதென்று உணர்திறனை 7 மைக்ரோவோல்ட்/மி.மீ.-இலிருந்து 10 ஆக்கி அலையைச் சிறிதாகக் காட்டுபவர்கள், பைபோலாருக்குத் திரும்பும்போது மறுபடி 7-க்குக் கொண்டுவர வேண்டும்.

கம்பியை மாற்றிச் செருகியிருந்தால் எந்த மாண்டேஜும் காப்பாற்றாது. தொடக்கத்திலேயே நோயாளியை இரண்டு முறை சிமிட்டச் சொல்லுங்கள். எஃப்பி1, எஃப்பி2-இல்தான் அது பெரிதாக வர வேண்டும். பிறகு கண்களை மூடச் சொன்னால் ஆல்ஃபா அலை பின்னந்தலையில் எழ வேண்டும். இடம் மாறித் தெரிந்தால் பதிவை நிறுத்திவிட்டுக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.