டிக்கெட்டில் ஏழு மணி, வானத்தில் பதினான்கு

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் சின்னதாக ஒரு விமான டிக்கெட் கடை வைத்திருக்கிறேன். கோலாலம்பூரில் இரவு 11.30-க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 6.30-க்கு லண்டனில் இறங்கும் டிக்கெட்டை நீட்டினால், "ஏழு மணி நேரம்தானா தம்பி?" என்று முகம் மலர்பவர்கள் உண்டு. டிக்கெட்டில் அச்சாகியிருப்பது அந்தந்த ஊர் மணி. கழிப்பதற்கு முன் இரண்டையும் ஒரே ஊர்க் கடிகாரத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டன் நமக்கு 7 மணி நேரம் பின்னால்; மற்ற மாதங்களில் 8. கோடையில் அங்கே காலை 6.30 என்றால் இங்கே பிற்பகல் 1.30. ஆகப் பயணம் 14 மணி நேரம். சென்னைக்கும் இதே கணக்குதான்; அது நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். காலை 9-க்குக் கிளம்பி 10.30-க்குச் சென்னை மீனம்பாக்கத்தில் இறங்கினால், ஒன்றரையோடு இரண்டரையைக் கூட்டி 4 மணி நேரம் என்று கொள்ளுங்கள்.

தூரத்தைத் தட்டை வரைபடத்தில் அளக்காதீர்கள், ஏமாந்து போவீர்கள். என் மேசையில் 30 செ.மீ. குறுக்களவுள்ள உலக உருண்டை ஒன்று இருக்கிறது. பக்கத்துப் பூக்கடையில் நூல் வாங்கி, கோலாலம்பூரில் ஒரு முனையை அழுத்தி, மறுமுனையை லண்டன் வரை விறைப்பாக இழுப்பேன். நூல் வங்கக் கடலைத் தாண்டி வட இந்தியா, மத்திய ஆசியா வழியாக ஏறும். 25 செ.மீ. வரும். இந்த அளவு உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் ஏறத்தாழ 425 கிலோமீட்டர். பெருக்கினால் சுமார் 10,600.

அதை விமானத்தின் வேகமான மணிக்கு சுமார் 850 கிலோமீட்டரால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேருங்கள்: 13 மணி நேரம். மேற்கே போகும்போது உயரத்தில் அடிக்கும் எதிர்க்காற்றுக்காக இன்னும் ஒரு மணி நேரம். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளும் என்பதால் அந்தக் கூடுதல் வேண்டாம். விமானம் நூல் பிடித்தாற்போலவும் பறக்காது. 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வான்வழி மூடப்பட்டிருக்கிறது. சுற்றிப் போவதற்கும் நேரம் பிடிக்கும். வழியில் ஓர் ஊரில் இறங்கி மாறுகிறீர்கள் என்றால் இந்த வகுத்தலே செல்லாது. ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகப் போட்டு, நடுவில் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள்.

வீட்டிலிருந்து கிளம்பும் நேரம் வேறு கணக்கு. கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலிலிருந்து விரைவு ரயிலில் விமான நிலையம் 28 நிமிடம். புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருங்கள். பினாங்குக்காரர்கள் அங்குள்ள பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து இங்கே வர ஒரு மணி நேரப் பறத்தலைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு விமானத்துக்கும் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். தனித்தனியாக வாங்கி, முதல் விமானம் தாமதமானால் லண்டன் விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது.